இரண்டு நிமிடக் குரல் செய்தி

ஸ்மார்ட் போர்டை எந்த வரிசையில் அணைக்க வேண்டும், எட்டு டேப்லெட்டில் எதற்குச் சார்ஜ் நிற்காது, அலமாரிச் சாவியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் தனி நோட்டில் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமையே வகுப்பு நடத்திவிடலாம். இது அந்த நோட்டில் எழுத இடமில்லாத விஷயம்.

பணி ஓய்வு பெறுகிறவர்கள்தான் பின்னால் வருகிறவர்களுக்கு இப்படி எழுதிவைப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு இரண்டாவது பிரசவத்துக்காக நிற்கிறேன். திரும்பி வருவேனா என்று கேட்டால், ஒரு நாள் வருவேன் என்று தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை. உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதிலும் இரண்டு மனம்தான். ஆனால் நான் செய்த தவறை நீங்களும் அப்படியே செய்வதற்கு எல்லா வசதியும் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். நான் முசரவாக்கத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் நெல் உண்டு, மாடு உண்டு, தறி கிடையாது. கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்த பிறகும், பட்டுப்புடவை நெய்யும் ஒரு வீட்டுக்குள் நான் காலை வைத்ததில்லை. அந்த வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமலேதான் அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து டேப்லெட்டுகளை வாங்கிக் கொடுத்தபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வயதில் சின்னவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் காரியம், பெற்றோருக்காகப் போனில் ஒரு குழு ஆரம்பித்து, தினமும் வீட்டுப்பாடத்தை அழகாகத் தட்டச்சு செய்து போட்டது. எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து நடந்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளின் படிப்புக்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க முடியாதா என்று கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்து நின்று பதில் சொன்னார்.

"கை நூல்ல இருக்குது டீச்சர். கண்ணும் அங்கதான் இருக்குது. காது மட்டும் நாள் முழுக்கச் சும்மா கெடக்குது. அதுக்கு எதுனா அனுப்புங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த ஏழு வருடத்தில் கல்வியையும் கருவியையும் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அந்த ஒன்றுதான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதை யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பிள்ளைகள் டேப்லெட்டில் ஒரு பக்கத்தை வாசித்துப் பதிவு செய்வார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம்தான் பதிவு அறை. பள்ளி விட்டதும் அந்தக் குரலை அவரவர் வீட்டுப் போனுக்கு அனுப்பிவிடுவேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புத்தகத்தில் ஒரு பக்கத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகள், தங்கள் குரலைத் தாங்களே கேட்டுவிட்டு, சரியில்லை என்று அழித்துவிட்டு, அதே பக்கத்தை ஆறு முறை, ஏழு முறை வாசித்தார்கள். அப்பா கேட்கப்போகிறார் என்பது ஒரு காரணம். தவறை யாரும் பார்ப்பதற்கு முன்னால் தானே அழித்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மற்ற பள்ளிகளிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கீர்த்தனா அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய அப்பா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். அம்மா செல்வி, உறவினர் ஒருவருடைய தறிக்கூடத்தில் நெய்கிறார். ஐந்து தறி ஓடும் கூடம் அது. பள்ளி விட்டதும் கீர்த்தனா வீட்டுக்குப் போகமாட்டாள், நேராக அங்கேதான் போவாள். பதிவு செய்ய எப்போதும் கடைசி ஆளாகத்தான் வருவாள். மற்றவர்கள் முடிக்கும்வரை டேப்லெட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோருடைய குரலையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய முறை வந்ததும் ஒரே தடவையில், தடங்கல் இல்லாமல், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி முடித்துவிடுவாள். ஜூன் முதல் நவம்பர் வரை பதினெட்டுப் பக்கம். பதினெட்டுக்கும் நான் டிக் போட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் 'மிக நன்று' என்று வேறு எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மழையில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை, எட்டு டேப்லெட்டும் செத்துக்கிடந்தன. சரி, இன்றைக்குப் புத்தகத்திலிருந்து நேராகவே படிப்போம் என்று சொன்னேன். எல்லோரும் முன்பே பதிவு செய்திருந்த ஒரு பக்கத்தை எடுத்தேன், ஒரு பையன் இரண்டு பத்தி படித்தான். மூன்றாவது பத்தியிலிருந்து கீர்த்தனாவைத் தொடரச் சொன்னேன். அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மூன்றாவது பத்தியில் விரலை வைத்துக் காட்டினேன். தலையாட்டினாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. முதல் வரியிலிருந்து சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது பத்தி வந்ததும் குரலைத் திறந்தாள்.

நாங்கள் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் குளமும் வாத்துகளும் உள்ள படம் இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு, பாடம் வாசிக்கிற அதே குரலில், அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லாத மூன்று வாக்கியங்களை வாசித்தாள். நல்ல வாக்கியங்கள். கேட்டால் பாடப்புத்தகம் என்றே தோன்றும்.

பள்ளி விட்ட பிறகு ஐந்து நிமிடம் அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு எழுத்து தெரிந்திருந்தது. கொம்பும் சுழியும் வந்தால் நின்றுவிட்டாள். முந்தைய வகுப்புகளில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தனிக்குரல் தெரிந்திருக்காது. என் வகுப்பில் தனிக்குரல்தான் கேட்டது. அப்படியும் தெரியவில்லை.

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். நான் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. அவசரம்கூட இல்லை. அவளை அனுப்பிவிட்டு, ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து, செல்விக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்தேன். குழுவில் போடவில்லை, அவருடைய போனுக்கு மட்டும் அனுப்பினேன். மற்ற பெற்றோர் கேட்கக்கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். முதல் பதிவு கடுமையாக இருந்தது, அழித்தேன். இரண்டாவதில் என் குரல் நடுங்கியது, அதையும் அழித்தேன். மூன்றாவது அமைதியாக, பொறுமையாக, இரண்டு நிமிடம் இருந்தது. கீர்த்தனாவுக்கு இன்னும் எழுத்து தெரியவில்லை, மற்ற பிள்ளைகள் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறாள், வீட்டில் தினமும் அரை மணி நேரம் எழுத்துகளைச் சொல்லிக்கொடுங்கள், அடிக்கவோ திட்டவோ வேண்டாம் என்பதுதான் செய்தி. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அனுப்பிவிட்டு பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அதே தெருவிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை, கீர்த்தனா இனிமேல் வரமாட்டாளாம், வேறு ஸ்கூலாம் என்று என்னிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

புதன்கிழமை காலை செல்வி வந்தார். தலைமையாசிரியை அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டிசி வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் என் பக்கத்து நியாயத்தை எடுத்தேன். உங்களுக்கு மட்டும்தானே அனுப்பினேன், வேறு யாருக்கும் தெரியாதே என்றேன்.

"எனக்குத்தான் அனுப்பினீங்க, நான் இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா எங்க கூடத்துல எனக்குன்னு தனியா ஒண்ணு எங்க வருது? போனு தறிமேல பைல தொங்கிக்கினு இருக்குது, ஸ்பீக்கர் ஓடிக்கினு இருக்குது. நாலரைக்கு ஸ்கூல் வாய்ஸ்னா அஞ்சு தறியும் கேக்கும். அன்னிக்கு மழைக்கு நூலெல்லாம் ஒட்டிக்கினு வேல ஓடல, பக்கத்துக் கூடத்து ஆளுங்க வேற வந்து குந்திக்கினு இருந்தாங்க. எம் பொண்ணு படிக்கறதக் கேக்கறதுக்குன்னே."

அங்கே அவள் குரலுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. மற்ற பிள்ளைகளின் வாசிப்பை ஒரு முறை கேட்பவர்கள், இவளுடையதை இரண்டு முறை போடச் சொல்வார்களாம்.

"யாரு போட்டாங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவதான். எப்பவும் அவதான் போன எடுத்து அமுக்குவா. எங்களுக்குக் கை எங்க இருக்குது? ஒட்டின நூல விடுவிச்சிட்டு நான் எழுந்து வர்றதுக்குள்ள நீங்க மொத்தமும் பேசி முடிச்சிட்டீங்க. அவளும் நிறுத்தல டீச்சர். கையில வெச்சிக்கினு முழுசும் கேட்டுக்கினு நின்னா."

பக்கத்துத் தறியில் மணி என்று ஒருவர். செய்தி முடிந்ததும் அவர், அப்போ இத்தனை நாளா நம்ம புள்ள எங்கயோ வர்றத வாங்கிப் பாடற புளூடூத்தா என்று கேட்டாராம். கூடமே சிரித்துவிட்டதாம். அவர் கெட்ட மனுஷன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது என்று செல்வியே சொன்னார். ஆனால் அந்தப் பெயர் அன்று மாலையே தெருவுக்குள் போய்விட்டது.

அந்த ஜூலையில் எனக்கு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் மகன் அப்போது எல்.கே.ஜி. ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'குழுவுடன் சேர்வதில்லை. வீட்டில் கவனிக்கவும்.' அவ்வளவுதான். ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அதை நான்கு முறை படித்தேன். அவன் என்ன செய்தான், யாரோடு சேரவில்லை, நான் எதைக் கவனிக்கவில்லை என்று ஒரு வாரம் தூங்கவில்லை. இப்படி ஒரு வரியை அனுப்ப அந்த டீச்சருக்கு எப்படி மனம் வந்தது என்று கணவரிடம் புலம்பினேன். அது நடந்து நான்கே மாதம்தான் ஆகியிருந்தது. செல்விக்கு அந்த இரண்டு நிமிடத்தைப் பதிவு செய்தபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

செல்வி கிளம்புவதற்கு முன்னால் ஒரு வழி சொன்னார். ஆள் மாறிவிட்டது, அது வேறொரு பிள்ளைக்கு அனுப்ப வேண்டியது என்று நான் ஒரு குரல் செய்தி போட வேண்டும். நாலரைக்குள் வந்தால் கூடம் முழுக்கக் கேட்கும்.

"அவ நாளைக்கே ஸ்கூலுக்கு வந்துருவா. எழுத்து நீங்க மெதுவா சொல்லிக் குடுங்க, நானும் சொல்லித் தரேன். இல்லாட்டி நாளைக்கு டிசி குடுத்துருங்க. எனக்கு வேற வழி தெரில."

அவர் போன பிறகு தலைமையாசிரியை நிதானமாகத்தான் பேசினார். போட்டுவிடு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் இருந்தால்தான் நம்மால் எதையும் செய்ய முடியும், வெளியே போய்விட்டால் உன் நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றார். அது தவறான பேச்சு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், எதிரில் இருப்பவர் முட்டாள் என்று நினைத்து முடிவெடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்குக் கீழே போய் அந்தப் பொய்யைப் பதிவு செய்தேன். பதினான்கு நொடி. போட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்ன குரலைவிட நம்பும்படி இருந்தது. அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றேன்.

இது போனால் கூடத்தில் எல்லோரும் நம்பிவிடுவார்கள், ஒருத்தியைத் தவிர. டீச்சர் பொய் சொல்கிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மறுநாளிலிருந்து அவள் மறுபடியும் நன்றாகப் படிக்கிற பிள்ளை. அந்தப் பெயரைக் காப்பாற்ற நான்காம் வகுப்புப் புத்தகத்தையும் காதால் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையும். எழுத்து தெரியாது என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் தெரியும் என்று நானே அறிவித்திருப்பேன். டிசி வாங்கிக்கொண்டு போனாலும் இதே கதைதான். அவளோடு போகும் பதிவில் பதினெட்டு டிக் இருக்கும். புதுப் பள்ளியில் கண்டுபிடிக்க இன்னொரு வருடம் ஆகும்.

அழித்துவிட்டேன். இதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் பின்னால் வெளியே வந்தால் என் வேலை என்ன ஆகும் என்ற பயமும் அதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு நடந்தேன். அதுதான் நான் முதன்முதலாகத் தறி ஓடும் ஒரு கூடத்துக்குள் போனது. நீளமான அறை, ஐந்து தறி, பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டிய சத்தம். சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு ஸ்பீக்கர் இருந்தது. செல்வியின் தறிக்குப் பின்னால் கீர்த்தனா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னிக்கு வாய்ஸ் வரலன்னு பாத்தேன், ஆளே வந்துட்டாங்கப்பா," என்றார் ஒருவர். அவர்தான் மணி என்று சொல்லாமலே தெரிந்தது.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் பேச வராது என்று நின்றேன்.

"வெள்ளிக்கிழம நான் அனுப்பினது கீர்த்தனாவப் பத்தித்தான். ஆள் மாறல," என்றேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தெரியவில்லை. "அதுல ஒரு வார்த்த தப்பு. ஏமாத்தினான்னு சொன்னேன். அவ யாரையும் ஏமாத்தல. பதினெட்டுப் பக்கத்தக் காதால கேட்டு ஒரு வார்த்த விடாம வெச்சிருக்கா. எங்க ஸ்கூல்ல வேற யாராலயும் அது முடியாது. எழுத்து தெரியுதான்னு பாக்க வேண்டியது என் வேல. நான் பாக்கல. அஞ்சு மாசமா டிக் போட்டுக்கினே வந்தேன்."

பிறகு செல்வி, நான் கேட்டது இது இல்லையே டீச்சர் என்றார். ஆமாம், அதை என்னால் சொல்ல முடியவில்லை என்றேன்.

"அவளுக்கு எழுத்து தெரியாதுன்னு மறுபடியும் எல்லார் எதிர்லயும்தான சொன்னீங்க. அன்னிக்கு போன்ல. இன்னிக்கு நேர்ல."

அவர் சொன்னது சரி. நான் நினைத்துக்கொண்டு போனது வேறு, அங்கே நடந்தது வேறு. நல்லது செய்ய வந்து ஒரே காயத்தை இரண்டாம் முறை கீறியிருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணிதான் பேசினார். "பதினெட்டுப் பக்கமா? எங்க, ஏழாவது பக்கம் சொல்லு."

அவள் தலை நிமிரவில்லை. அவர் விடவில்லை. சும்மா சொல்லும்மா, எனக்காக என்றார். தறிக்குப் பின்னாலிருந்து, யாரையும் பார்க்காமல், ஏழாவது பக்கத்தை அவள் சொன்னாள். முற்றுப்புள்ளி வரும் இடங்களில் நிறுத்தினாள். என் பையில் புத்தகம் இருந்தது. எடுத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை.

"முப்பது வருசமா நெய்யறேன்," என்றார் மணி மற்றவர்களைப் பார்த்து. "தறிமேல தொங்கற டிசைன் அட்டைய எடுத்துட்டா பொடவைல எனக்கு ஒரு அன்னப்பறவ வராது. இதுக்கு அட்டையே இல்லாம ஓடுது." பிறகு செல்வியிடம், எழுத்துதானே, கத்துக்க வேண்டியதுதான், இதுக்குப் போய் ஸ்கூல மாத்துவாங்களா என்றார்.

செல்வி என் பக்கம் திரும்பினார். என்னிடம், இனிமேல் இவளைப் பற்றி எதுவானாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்புங்கள், போனில் வேண்டாம் என்றார். கீர்த்தனா முதல் முறையாகத் தானாக வாயைத் திறந்தாள்.

"எனக்கு ரெக்கார்டு வேணாம் டீச்சர்."

சரி என்றேன். திங்கட்கிழமை வந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வகுப்பில் ஒரு பையன் அவளைப் புளூடூத் என்று கூப்பிட்டான். நான் கண்டிக்க எழுவதற்குள் அவளே, ஆமாம், உன்னை மாதிரி நடுவுல கட்டாகாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கை வியர்க்கும். எழுத்துகளை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இரண்டு வாரம் ஒன்றும் நகரவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்ததும் என் யோசனைதான். அதுவும் தவறு. இரண்டாம் நாளே காய்ச்சல் என்று வரவில்லை.

பிறகுதான், அவளிடம் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அவளுடைய பழைய பதிவுகள் டேப்லெட்டில் அப்படியே இருந்தன. ஹெட்போனை மாட்டி, அவள் குரலையே அவளுக்குப் போட்டு, புத்தகத்தைத் திறந்துவைத்து, குரலோடு விரலை ஓட்டச் சொன்னேன். எங்காவது திடீரென்று நிறுத்துவேன். எந்த வார்த்தையில் நின்றதோ அங்கே விரல் இருக்க வேண்டும். முதலில் இரண்டு வரி தள்ளி இருந்தது. பிறகு இரண்டு வார்த்தை தள்ளி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் சரியான வார்த்தையிலேயே இருந்தது. காதில் இருந்த பதினெட்டுப் பக்கமும் அவளுக்குக் கண்ணால் தெரிய ஆரம்பித்தன. அதன் பிறகு அந்த வார்த்தைகளையே கலைத்துப் போட்டு, அவள் கேட்டே இராத வாக்கியங்களை எழுதிக் கொடுத்தேன். மிக மெதுவாக, தப்பும் தவறுமாகப் படித்தாள். அதே கருவிதான் அவளை ஐந்து மாதம் மறைத்தது, அதே கருவிதான் வழியும் காட்டியது. இதிலிருந்து பொதுவாக என்ன முடிவுக்கு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எந்தப் பதிவுக்கும் டிக் போடுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டி நேரில் படிக்கச் சொல்லுங்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி எந்த அறையில், யார் நடுவில் ஒலிக்கும் என்று தெரியாதவரை அதை அனுப்பாதீர்கள் என்பதையும். ஆள் அனுப்பிக் கூப்பிட நேரமாகும், பெற்றோருக்கும் அரை நாள் வேலை போகும், தலைமையாசிரியைக்கு அதில் சலிப்புண்டு. இருந்தாலும்.

மார்ச்சில் ஒரு நாள் மதியம் செல்வி வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான் கூப்பிட்டு அனுப்பவில்லை. கீர்த்தனாவை வெளியே அழைத்து, கூடையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். உறை பிரிக்கப்படவில்லை.

"இப்பதான் குடுத்துட்டுப் போனாங்க. நானே இன்னும் பாக்கல," என்று என்னிடம் சொன்னார். யாரும் அவளுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். என்னையும் நம்பவில்லை, டேப்லெட்டையும் நம்பவில்லை. அது எனக்குத் தவறாகப் படவில்லை.

அவரே உறையைப் பிரித்து மகளிடம் நீட்டினார். அவள் மேல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"அத வுடு. அது எல்லாப் பத்திரிகையிலயும் ஒண்ணுதான். கீழ வா. எந்த ஊர்ல கல்யாணம்?"

அவள் விரலை வைத்துத் தேடினாள். நேரமாயிற்று. நான் வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"திரு... திருமு... திருமுக்கூ... டல்."

"பொண்ணு பேரு?"

"நந்... தி... நந்தினி."

"என்னிக்கு?"

தேடினாள். "வி... யா... ழக்கிழமை."

செல்வி பத்திரிகையை வாங்கி, அவள் சொன்ன மூன்று இடத்தையும் தானே ஒருமுறை பார்த்தார். மடித்து உறைக்குள் வைத்துக் கூடையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வியாழக்கிழம இவளுக்கு லீவு வேணும் டீச்சர். சொந்தக்காரங்க கல்யாணம்."

விடுமுறைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் மகளைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்கற? டீச்சர் லெட்டர் கேக்கறாங்க பாரு. பேப்பர் எடுத்துக்கினு வந்து எழுது."

அவள் எழுதி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. செல்வி வராந்தாவில் நின்று காத்திருந்தார். ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.